இலங்கையில் முதலாம் தரம் முதல் பல்கலைக்கழகம் வரை

தமிழ்நாட்டில் நெடுங்காலம் வாழ்ந்துவிட்டு, குடும்பத்தோடு முல்லைத்தீவுக்குத் திரும்பவிருக்கும் ஒரு தாயார் கேட்டிருக்கிறார்: "மகள் எட்டாம் வகுப்பு படிக்கிறாள், மகன் மூன்றாம் வகுப்பு. இலங்கையில் பள்ளிக்கூடம் எப்படி நடக்கிறது, எந்த வகுப்பில் என்ன தேர்வு, பல்கலைக்கழகத்துக்கு எப்படிப் போவது, எவ்வளவு செலவாகும்?" உயர்தர (12, 13-ஆம்) வகுப்புகளுக்குப் பாடம் சொல்லிக்கொடுத்தவன் என்ற முறையில் எனக்குத் தெரிந்ததைச் சற்று விரிவாகவே எழுதுகிறேன்.

செலவைப் பற்றிய கேள்விக்கு முதலில் பதில் சொல்லிவிடுகிறேன். அரசாங்கப் பாடசாலையில் முதலாம் தரத்தில் (வகுப்பில்) சேரும் பிள்ளை, மருத்துவராகவோ பொறியியலாளராகவோ பட்டம் பெற்று வெளியே வரும் வரை கற்பித்தலுக்கென்று ஒரு ரூபாய்கூடக் கட்டணம் செலுத்த வேண்டியதில்லை. பாடநூல் இலவசம், சீருடைத் துணி இலவசம். பாடசாலை அபிவிருத்திக்கென்று சிறு தொகை கேட்பார்கள். கொப்பி, சப்பாத்து, போக்குவரத்து உங்கள் பொறுப்பு. இந்த அமைப்பு பணத்தைக் கொண்டு பிள்ளைகளை வடிகட்டுவதில்லை, பரீட்சையைக் கொண்டு வடிகட்டுகிறது. அந்தப் பரீட்சையில் பிள்ளை எவ்வளவு தூரம் போகும் என்பதில், எந்தப் பாடசாலையில் எந்த மாவட்டத்தில் படித்தது என்பதற்குப் பெரிய பங்குண்டு. ஊர் திரும்பும் பெற்றோர் தெரிந்துவைத்திருக்க வேண்டிய முக்கியமான விஷயம் இதுதான்.

இலவசக் கல்வி சும்மா வந்துவிடவில்லை. சுதந்திரத்துக்கு முந்திய அரசாங்க சபைக் காலத்தில் கல்வி அமைச்சராக இருந்த சி. டபிள்யூ. டபிள்யூ. கன்னங்கராவின் தலைமையில் அமைந்த விசேட குழு 1943-இல் தன் அறிக்கையைக் கொடுத்தது. கடும் எதிர்ப்புக்கு நடுவே, 1945 அக்டோபர் 1 முதல் பாலர் வகுப்பிலிருந்து பல்கலைக்கழகம் வரை இலவசக் கல்வி நடைமுறைக்கு வந்தது. நகரத்து ஆங்கிலப் பாடசாலைகளுக்கு ஈடாகக் கிராமப்புறங்களில் மத்திய கல்லூரிகளைத் திறந்தவரும் அவரே. அதன்பின் 1960-61-இல், மிஷன்களும் சமய சங்கங்களும் அரச உதவியோடு நடத்திவந்த பெரும்பாலான பாடசாலைகளை அரசு பொறுப்பேற்றது. யாழ்ப்பாணத்தில் வட்டுக்கோட்டை யாழ்ப்பாணக் கல்லூரி, பரியோவான் கல்லூரி, புனித பத்திரிசியார் கல்லூரி போன்ற சில மட்டும் தனியார் பாடசாலைகளாகவே நின்றன. இலவசப் பாடநூல் 1980-இலும் சீருடை 1993-இலும் சேர்ந்தன.

பாடசாலைக் கல்வி மொத்தம் பதின்மூன்று ஆண்டுகள். இந்தியாவில் பன்னிரண்டு என்பதால் ஓர் ஆண்டு கூடுதல். ஐந்து வயது பூர்த்தியான பிள்ளை முதலாம் தரத்தில் சேரும். 1 முதல் 5 வரை ஆரம்பப் பிரிவு, 6 முதல் 9 வரை கனிஷ்ட இடைநிலை, 10, 11 சாதாரண தரம், 12, 13 உயர்தரம். வழமையாகக் கல்வியாண்டு ஜனவரியில் தொடங்கி மூன்று தவணைகளாக நடக்கும். தமிழ்நாட்டில் ஜூனில் தொடங்குவதால் உங்கள் பிள்ளைகள் நடுவில் வந்து சேர வேண்டியிருக்கும். எந்தத் தரத்தில் சேர்ப்பது என்பதைப் பிறந்த திகதியையும் விடுகைப் பத்திரத்தையும் பார்த்து முடிவு செய்வார்கள். பதினாறு வயது வரை பாடசாலைக் கல்வி கட்டாயம்.

இனி, பாடசாலைகளில் உள்ள வேறுபாடு. நாட்டில் ஏறத்தாழ 10,000 அரசாங்கப் பாடசாலைகள் இருக்கின்றன. சில நூறு மட்டும் தேசிய பாடசாலைகள். அவை கொழும்பிலுள்ள மத்திய கல்வி அமைச்சின் கீழ் நேரடியாக இயங்குகின்றன. மற்றவை எல்லாம் மாகாணப் பாடசாலைகள். 1987-இன் பதின்மூன்றாவது திருத்தத்துக்குப் பிறகு அவை மாகாண சபைகளின் பொறுப்பில் வந்தன. மாகாணக் கல்வித் திணைக்களம், அதன் கீழ் வலயக் கல்விப் பணிமனை, அதன் கீழ் கோட்டக் கல்வி அலுவலகம் என்று நிர்வாகம் இறங்கிவரும். முல்லைத்தீவு மாவட்டத்தில் முல்லைத்தீவு, துணுக்காய் என இரண்டு வலயங்கள் உண்டு. பாடத்திட்டத்தை மகரகமையிலுள்ள தேசிய கல்வி நிறுவகம் வகுக்கிறது, பரீட்சையைப் பரீட்சைத் திணைக்களம் நடத்துகிறது. எந்த மாகாணத்தில் படித்தாலும் பாடத்திட்டமும் வினாத்தாளும் ஒன்றுதான்.

பெற்றோர் பெரும்பாலும் கவனிக்காத பாகுபாடு ஒன்றுண்டு. பாடசாலைகள் 1ஏபி, 1சி, வகை 2, வகை 3 என்று தரம் பிரிக்கப்பட்டிருக்கின்றன. வகை 3 ஆரம்ப வகுப்புகளோடு, சில இடங்களில் எட்டாம் தரத்தோடு நின்றுவிடும். வகை 2 பதினொன்றாம் தரம் வரை. 1சி பாடசாலையில் உயர்தரம் உண்டு, ஆனால் கலையும் வர்த்தகமும்தான். விஞ்ஞானம், கணிதம் உட்பட எல்லாப் பிரிவுகளும் இருப்பது 1ஏபி பாடசாலையில் மட்டும். நாட்டில் பத்துப் பாடசாலைக்கு ஒன்றுதான் அப்படிப்பட்டது. பாடசாலையின் பெயர்ப் பலகையைப் பார்த்து இதைக் கண்டுபிடிக்க முடியாது. மகா வித்தியாலயம் என்ற பெயர் இருப்பதால் அங்கே பௌதிகவியல் (இயற்பியல்) ஆசிரியர் இருப்பார் என்று நினைத்துவிடாதீர்கள். உங்கள் மகளுக்கு விஞ்ஞானத்தில் நாட்டம் இருக்குமானால், பக்கத்திலுள்ள 1ஏபி பாடசாலை எது, அங்கே இரசாயனவியலுக்கும் இணைந்த கணிதத்துக்கும் இப்போது ஆசிரியர் உண்டா என்று வலயப் பணிமனையில் நேரே போய்க் கேளுங்கள். வன்னியிலும் மலையகத்திலும் விஞ்ஞானப் பாடங்களுக்குத் தமிழ்மொழி மூல ஆசிரியர் கிடைக்காமல் ஆண்டுக்கணக்கில் வகுப்புகள் வெறுமையாகக் கிடந்ததுண்டு. மலையகத் தோட்டப் பாடசாலைகள் பலவற்றில் உயர்தர விஞ்ஞானம் படிக்க விரும்பும் பிள்ளை வேறு நகரத்துக்கே போக வேண்டியிருந்தது. நாட்டில் கலைப் பிரிவில் இவ்வளவு பேர் குவிவதற்கு விருப்பம் மட்டுமே காரணமன்று. பக்கத்துப் பாடசாலையில் வேறு பிரிவே இல்லாததால் கலை படித்த கெட்டிக்காரப் பிள்ளைகளை நான் அறிவேன், அதை நினைத்தால் இன்றும் மனம் ஆறுவதில்லை.

உங்கள் மகனுக்கு முதலில் வரப்போவது ஐந்தாம் தரப் புலமைப்பரிசில் பரீட்சை. இரண்டு நோக்கத்துக்காக நடத்தப்படுகிறது: திறமையுள்ள பிள்ளைகளுக்கு ஆறாம் தரத்தில் பெரிய பாடசாலைகளில் இடம் கொடுப்பது, வசதியற்ற குடும்பத்துப் பிள்ளைகளுக்கு மாதாந்தம் உதவித்தொகை கொடுப்பது. அந்தத் தொகை நெடுங்காலம் 750 ரூபாயாக இருந்து, 2025 வரவுசெலவுத் திட்டத்தில் 1,500 ஆக உயர்த்தப்பட்டது. கிராமத்துப் பிள்ளைக்கு இந்தப் பரீட்சை திறந்துவிட்ட கதவுகள் பல என்பதை மறுக்க முடியாது. ஆனால் பத்து வயதுப் பிள்ளையை நான்காம் தரத்திலிருந்தே டியூஷன் வகுப்புக்கு அனுப்பி, மாதிரி வினாத்தாள்களை மூச்சுவிடாமல் எழுதவைப்பதும், வெட்டுப்புள்ளி (தெரிவாகத் தேவையான குறைந்தபட்சப் புள்ளி) தாண்டிய பிள்ளைகளின் படங்களைப் பதாகையில் போட்டுச் சந்தியில் தொங்கவிடுவதும் நல்லதென்று எனக்குத் தோன்றவில்லை. உங்கள் மகன் தேறாவிட்டாலும் ஆறாம் தரத்துக்குத் தடையின்றிப் போவான். புதிய ஊர், புதிய பாடசாலை என்று வரும் பிள்ளைக்கு இந்தப் பாரத்தை ஏற்றாதீர்கள்.

மகளுக்கு வரப்போவது பதினொன்றாம் தர முடிவில் கல்விப் பொதுத் தராதரப் பத்திர சாதாரண தரப் பரீட்சை, எல்லாரும் க.பொ.த. சாதாரண தரம் என்பார்கள். ஒன்பது பாடங்கள். சமயம், தாய்மொழியும் இலக்கியமும், ஆங்கிலம், கணிதம், விஞ்ஞானம், வரலாறு ஆகிய ஆறும் எல்லாருக்கும் பொது. மற்ற மூன்றையும் தொகுதிப் பாடங்களிலிருந்து தெரிவு செய்யலாம். சைவப் பிள்ளை சைவநெறியும் முஸ்லிம் பிள்ளை இஸ்லாமும் கத்தோலிக்கப் பிள்ளை கத்தோலிக்கமும் படிப்பது வழக்கம். பெறுபேறு ஏ, பி, சி, எஸ் என்று வரும். டபிள்யூ என்றால் சித்தியில்லை, அதாவது தேர்ச்சியில்லை. தாய்மொழியும் கணிதமும் உட்பட ஆறு பாடங்களில் சித்தியும், அவற்றில் மூன்றிலாவது திறமைச் சித்தியும் (சி அல்லது அதற்கு மேல்) பெற்றால்தான் உயர்தரத்துக்கு வழி. தமிழ்நாட்டுப் பிள்ளைக்கு இங்கே சிக்கல் தரக்கூடியவை இரண்டு. ஒன்று, வரலாறு: இலங்கை வரலாற்றை அடியிலிருந்து படிக்க வேண்டும். மற்றது, இரண்டாம் மொழியாகச் சிங்களம்: ஆறாம் தரத்திலிருந்து ஒன்பதாம் தரம் வரை படிப்பிக்கப்படும், சாதாரண தரத்தில் கட்டாயமில்லை. பயப்பட வேண்டாம், எழுத்துக்களை இப்போதே பழகத் தொடங்கினால் போதும். பின்னாளில் அரச வேலைக்குப் போனால் அந்த மொழியறிவு நிச்சயம் கைகொடுக்கும்.

உயர்தரம்தான் உண்மையான சோதனை. பௌதிக விஞ்ஞானம், உயிரியல் விஞ்ஞானம், வர்த்தகம், கலை, தொழில்நுட்பம் என்று பிரிவுகள். பேச்சில் கணிதப் பிரிவு, உயிரியல் பிரிவு என்பார்கள். தொழில்நுட்பப் பிரிவு 2013-இல் வந்து சேர்ந்தது. ஒரு பிரிவில் மூன்று பாடங்கள். அவற்றோடு பொது ஆங்கிலமும் பொதுச் சாதாரணப் பரீட்சையும் உண்டு. பாடங்கள் மூன்றுதானே என்று எண்ணிவிட முடியாது. ஒவ்வொன்றும் ஆழமானது, இந்தியப் பன்னிரண்டாம் வகுப்பின் அகலத்துக்கு மாறாக இங்கே ஆழத்தைத்தான் கேட்பார்கள். மூன்றிலும் ஒரே தடவையில் எஸ் ஆவது பெற்று, பொதுச் சாதாரணப் பரீட்சையில் 30 புள்ளிகளும் எடுத்தால் பல்கலைக்கழகத்துக்கு விண்ணப்பிக்கும் தகுதி கிடைக்கும். பல்கலைக்கழக அனுமதிக்காக மூன்று தடவை எழுதலாம்.

தகுதி வேறு, அனுமதி வேறு. 2022-ஆம் ஆண்டுக்கான உயர்தரப் பரீட்சையில் தோற்றியவர்கள் 263,933 பேர். தகுதி பெற்றவர்கள் 166,938 பேர். அரச பல்கலைக்கழகங்களில் இடம் கிடைப்பது இவர்களில் ஏறத்தாழக் கால்வாசிப் பேருக்குத்தான். யாருக்கு இடம் என்பதை முடிவு செய்வது இசட் புள்ளி. 2001-இலிருந்து இந்த முறை நடக்கிறது. கணக்கு கடினமானதன்று. ஒரு பாடத்தில் அவ்வாண்டு எல்லாரும் எடுத்த புள்ளிகளின் சராசரியை உங்கள் புள்ளியிலிருந்து கழித்து, வரும் விடையை நியம விலகலால் (எல்லாருடைய புள்ளிகளும் சராசரியிலிருந்து எவ்வளவு பரந்திருக்கின்றன என்பதன் அளவு) வகுக்க வேண்டும். உதாரணமாக, ஒரு பாடத்தின் சராசரி 60, நியம விலகல் 10 என்று வைத்துக்கொள்வோம். 70 எடுத்தவரின் இசட் புள்ளி 1. இன்னொரு பாடம் கடினமானது, சராசரி 40, நியம விலகல் 15; அதில் 55 எடுத்தவருக்கும் 1. எளிதான பாடத்தில் 70 எடுத்தவரும் கடினமான பாடத்தில் 55 எடுத்தவரும் சமநிலையில் நிற்கிறார்கள். மூன்று பாடங்களின் இசட் புள்ளிகளைக் கூட்டிச் சராசரி எடுத்து நான்கு தசம தானங்களுக்குத் தருவார்கள். அந்த நான்காவது தானத்தில் மருத்துவ பீடத்தைத் தவறவிட்டவர்கள் உண்டு.

அதற்குமேல் மாவட்டம் வருகிறது. பெரும்பாலான கற்கைநெறிகளில் 40 சதவீதம் வரையான இடங்கள் அகில இலங்கைத் திறமை அடிப்படையில் நிரப்பப்படும். 55 சதவீதம் வரை 25 மாவட்டங்களுக்கும் சனத்தொகை விகிதப்படி பிரிக்கப்படும். எஞ்சிய 5 சதவீதம் கல்வியில் பின்தங்கியவை என வகுக்கப்பட்ட 16 மாவட்டங்களுக்கு மேலதிகமாக ஒதுக்கப்படும். முல்லைத்தீவு, மன்னார், நுவரெலியா, மொனராகலை முதலியவை அந்தப் பட்டியலில் இருக்கின்றன. ஆகவே ஒரே மருத்துவக் கற்கைக்குக் கொழும்பு மாவட்டத்துக்கு ஒரு வெட்டுப்புள்ளி, முல்லைத்தீவுக்கு வேறொரு வெட்டுப்புள்ளி.

இந்த மாவட்ட முறையைப் பற்றித் தமிழர் மனத்தில் ஒரு பழைய காயம் உண்டு, அதைச் சொல்லாமல் போவது சரியன்று. 1970-களின் தொடக்கத்தில் பல்கலைக்கழக அனுமதிக்கு மொழிவாரித் தரப்படுத்தலைக் கொண்டுவந்தார்கள். மருத்துவத்துக்குத் தமிழ்மொழி மூல மாணவர் 400-க்கு 250 எடுக்க வேண்டியிருக்க, சிங்களமொழி மூலத்தவருக்கு 229 போதுமாக இருந்தது. 1974-இல் மாவட்ட ஒதுக்கீடு வந்தது. யாழ்ப்பாணத்து இளைஞர்களை அது எப்படிக் கொதிக்கவைத்தது என்பதும், அதன் பிறகு நாடு போன பாதையும் அறிந்ததே. பின்னர் விகிதங்கள் மாறி மாறி இன்றைய முறை வந்திருக்கிறது. இப்போதைய மாவட்ட முறையை நான் ஆதரிக்கிறேன். வகுப்பறையும் ஆசிரியரும் போரில் இழந்த முல்லைத்தீவுப் பிள்ளையை, கொழும்பின் பெரிய கல்லூரியில் படித்த பிள்ளையோடு ஒரே கோட்டில் நிறுத்துவது நீதியாகாது. அதே சமயம் ஒரு மாவட்டத்துக்குள்ளேயே நகரப் பாடசாலையும் காட்டோரப் பாடசாலையும் ஒன்றாக எண்ணப்படுவது இந்த முறையின் குறை.

இடம் ஒதுக்குவது பல்கலைக்கழக மானியங்கள் ஆணைக்குழு. 1978-இன் பல்கலைக்கழகங்கள் சட்டத்தின் கீழ் அமைந்தது. பெறுபேறு வந்தபின் ஆணைக்குழு ஒரு தடித்த கைநூலை வெளியிடும். ஒவ்வொரு கற்கைநெறிக்கும் ஒவ்வொரு பல்கலைக்கழகத்துக்கும் தனித்தனிக் குறியீடு இருக்கும். மாணவர் தன் விருப்ப வரிசையில் அந்தக் குறியீடுகளை நிரப்ப வேண்டும். இந்த வரிசையை நண்பர்கள் எழுதியதைப் பார்த்து எழுதிவிட்டு வருந்துவோர் ஒவ்வோர் ஆண்டும் இருக்கிறார்கள். சென்ற ஆண்டு தன் மாவட்டத்துக்கான வெட்டுப்புள்ளிகளைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு, உண்மையில் படிக்க விரும்புவதை மேலேயும் கிடைக்கக்கூடியதை அடுத்தும் எழுத வேண்டும்.

1942-இல் ஐவர் ஜென்னிங்ஸைத் துணைவேந்தராகக் கொண்டு தொடங்கிய ஒரே இலங்கைப் பல்கலைக்கழகம், இன்று ஆணைக்குழுவின் கீழ் பதினேழாகப் பெருகியிருக்கிறது. கொழும்பு, பேராதனை, மொறட்டுவை, ஸ்ரீ ஜயவர்தனபுர, களனி ஆகியவை மேற்கிலும் மத்தியிலும். யாழ்ப்பாணத்தில் 1974-இல் பேராசிரியர் க. கைலாசபதியைத் தலைவராகக் கொண்டு வளாகமாகத் தொடங்கியது பின்னர் தனிப் பல்கலைக்கழகமானது. மட்டக்களப்பில் கிழக்குப் பல்கலைக்கழகம், ஒலுவிலில் தென்கிழக்குப் பல்கலைக்கழகம், 2021-இலிருந்து வவுனியாப் பல்கலைக்கழகம். பொதுப் பட்டம் மூன்று ஆண்டு, சிறப்புப் பட்டம் நான்கு, பொறியியல் நான்கு, மருத்துவம் ஐந்து ஆண்டும் அதற்குமேல் உள்ளகப் பயிற்சியும். விஞ்ஞானம், மருத்துவம், பொறியியல் எல்லாம் ஆங்கில மொழிமூலம். பதின்மூன்று ஆண்டு தமிழில் படித்துவிட்டு வரும் பிள்ளைக்கு முதல் ஆண்டு திணறலாகத்தான் இருக்கும். ஆங்கிலத்தை இப்போதே விடாமல் பார்த்துக்கொள்ளுங்கள். வசதியற்றவர்களுக்கும் திறமையாளர்களுக்கும் மகாபொல புலமைப்பரிசில் உண்டு; 1981-இல் அமைச்சராக இருந்த லலித் அத்துலத்முதலி தொடங்கியது, மாதாந்தம் 5,000 ரூபாயாக இருந்தது 2025-இல் 7,500 ஆகியது. இன்று பல்கலைக்கழக மாணவர்களில் பாதிக்கு மேல் பெண்கள் என்பது மகளை வைத்திருக்கும் உங்களுக்கு மகிழ்ச்சி தரும்.

குறைகளும் உண்டு. பரீட்சை எழுதி, பெறுபேறு வந்து, அனுமதி கிடைத்து, வகுப்பு தொடங்க ஓர் ஆண்டுக்கு மேலும் காத்திருக்க நேரிடும். பகிடிவதையை (ராகிங்) தடுக்க 1998-இலேயே சட்டம் வந்தும் அந்தக் கொடுமை முற்றாக ஒழியவில்லை. பிள்ளை முறையிட்டால் தயங்காமல் நிர்வாகத்துக்கும் பொலிஸுக்கும் போக வேண்டும்.

அனுமதி கிடைக்காத பெரும்பான்மையினரைத் தோற்றவர்கள் என்று ஊர் பேசும். அந்தப் பேச்சைக் காதில் வாங்காதீர்கள். தேசிய கல்வியியல் கல்லூரிகளில் மூன்றாண்டுப் பயிற்சி பெற்று ஆசிரியராகலாம். தமிழ்ப் பிள்ளைகளுக்குக் கோப்பாய், வவுனியா, மட்டக்களப்பு, பத்தனை ஆகிய இடங்களில் உண்டு. தொழில்நுட்பக் கல்லூரிகளும் தொழிற்பயிற்சி நிலையங்களும் ஏழு மட்டங்கள் கொண்ட தேசிய தொழில் தகைமைச் சான்றிதழைத் தருகின்றன. அந்த ஏணியில் ஏறிப் பட்டம் வரைக்கும் போக முடியும். கிளிநொச்சியில் ஜெர்மனியின் உதவியோடு அமைந்த பயிற்சி நிறுவனம் உங்கள் ஊரிலிருந்து அதிக தூரமில்லை. 1980-இல் தொடங்கிய திறந்த பல்கலைக்கழகமும், பல்கலைக்கழகங்கள் நடத்தும் வெளிவாரிப் பட்டங்களும் வேலை பார்த்துக்கொண்டே படிக்க ஏற்றவை. இவற்றுக்குக் கட்டணம் உண்டு. சர்வதேசப் பாடசாலைகள் என்ற பெயரில் லண்டன் பரீட்சைக்குத் தயார்படுத்துபவை கம்பனிகளாகப் பதிவாகியவை, கட்டணமும் அதிகம். உங்கள் நிலைமைக்கு அவை தேவையில்லை.

இப்போது நீங்கள் செய்ய வேண்டியவை. பிள்ளைகள் இந்தியாவில் பிறந்தவர்களானால், புறப்படுமுன் சென்னையிலுள்ள இலங்கைத் துணைத் தூதரகத்தில் அவர்களின் பிறப்பையும் குடியுரிமையையும் பதிவு செய்துவிடுங்கள். ஊருக்கு வந்தபின் இதற்காக அலைவது பெரும் பாடு, சாதாரண தரப் பரீட்சை நெருங்கும்போது தேசிய அடையாள அட்டை எடுப்பதற்கும் இது வேண்டும். பள்ளியிலிருந்து விடுகைப் பத்திரத்தையும் மதிப்பெண் அட்டைகளையும் மூலப் பிரதியாக வாங்கிக்கொள்ளுங்கள். முடிந்தால் மகள் ஒன்பதாம் தரத்தின் தொடக்கத்தில் வந்து சேரும்படி பயணத்தை வையுங்கள். பத்தாம் தரத்தில் தொகுதிப் பாடங்களைத் தெரிவு செய்யுமுன் ஓராண்டாவது பழகிக்கொள்வாள். பல்கலைக்கழக அனுமதியில் எந்த மாவட்டம் என்பது வீட்டு முகவரியை வைத்துத் தீர்மானிக்கப்படுவதில்லை. உயர்தரப் பரீட்சைக்கு முந்திய மூன்று ஆண்டுகளில் படித்த பாடசாலை எந்த மாவட்டத்தில் இருக்கிறது என்பதைத்தான் பார்ப்பார்கள். ஆகவே மகள் பதினொன்றாம் தரத்துக்கு வந்தபின், நல்ல டியூஷன் இருக்கிறது என்று யாராவது சொன்னாலும், யாழ்ப்பாணத்துக்கோ கொழும்புக்கோ பாடசாலை மாற்றுவதற்கு முன் வலயக் கல்விப் பணிமனையில் ஒரு தடவை கேட்டுவிட்டு முடிவெடுங்கள்.